1964 என்று பெயர் வைத்தேன்

போட்டியின் தலைப்பு சிதைவின் அழகு. இன்னும் பிலிம் கேமராவைக் கட்டிக்கொண்டு அழும் சிலர் சேர்ந்து எங்களுக்குள் வைத்துக்கொண்டது. ஆளுக்கு ஒரே ஒரு கறுப்பு வெள்ளை ரோல், 36 படம். ரோலை அவரவரே கழுவ வேண்டும். அதிலிருந்து ஒரு பிரிண்ட் மட்டும் அனுப்ப வேண்டும். ஓரம் வெட்டக்கூடாது. கண்ட காட்சியில் கை வைக்கக்கூடாது. கடைசி விதியைச் சேர்க்கச் சொன்னவன் நான். அதை மீறியவனும் நான். பரிசும் எனக்குத்தான் வந்தது.

படத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். தனுஷ்கோடியில் கூரை போன பழைய தேவாலயம். பீடம் இருந்த பக்கத்துச் சுவர். அதன் கீழே கிடக்கும் ஒரு கல்லின் மேல் ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பு. அதன் வார் அறுந்து, ஊக்கு குத்தியிருக்கும். மேலே கரிபூசியது போன்ற வானம். ‘1964’ என்று பெயர் வைத்தேன். வேறு ஒரு சொல்லும் எழுதவில்லை. எழுதாமல் விட்டதில்தான் என் சாமர்த்தியம் முழுக்க இருந்தது. அந்த ஆண்டுக்கும் அந்தச் செருப்புக்கும் நடுவில் உள்ளதைப் பார்ப்பவர்களே இட்டு நிரப்பிக்கொண்டார்கள்.

நிரப்புவதற்கு நிறையவே இருந்தது. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில், பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயிலைத் தனுஷ்கோடிக்குப் பக்கத்தில் வைத்துக் கடல் இழுத்துக்கொண்டது. உள்ளே நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். ஒருவரும் மிஞ்சவில்லை. இலங்கையின் தலைமன்னாருக்குக் கப்பல் விட்ட துறைமுகம், ரயில் நிலையம், தபால் அலுவலகம், கடைத்தெரு எல்லாம் போயின. இதைத் தெரிந்தவர் கண்ணில் ஒரு குழந்தைச் செருப்பைக் காட்டினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். படத்தைப் பார்த்து ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதை அவர் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

ஐம்பது ஆண்டுகளுக்கு மேலான வெயிலிலும் உப்புக்காற்றிலும் ஒரு ரப்பர் செருப்பு எப்படி அப்படியே இருக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. சுவரே நிற்க முடியாத இடம் அது. அங்கே கட்டடங்களுக்குப் பவளப்பாறைக் கல்லையும் சுண்ணாம்பையும் பயன்படுத்தியிருக்கிறார்கள். அந்தக் கல்லில் உள்ள சிறு துளைகளுக்குள் உப்புநீர் இறங்கும். வெயிலில் நீர் காய, உப்பு படிகமாகித் தடிக்கும், கல்லை உள்ளிருந்தே நெம்பும். நாள்தோறும் இது நடக்கிறது. கையால் தடவினால் சுவர் மாவாக உதிரும். இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டுதான் போனேன். படத்தோடு ஒரு குறிப்பாவது எழுதியிருக்கலாம்.

போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். பிலிம்காரர்களுக்கு அது ஆகாத வேளை. ஆனாலும் வானத்தைக் கறுக்க வைக்க வேண்டும் என்று சிவப்பு பில்டரைப் போட்டேன். அது மூன்று ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்றுவிடும். 400 ஐ.எஸ்.ஓ. ரோலுக்கு எஃப் 16-இல் 1/500 வைக்க வேண்டிய வெயிலில் 1/60-க்கு இறங்க வேண்டியிருந்தது. டிரைபாடை விரித்து, மீட்டர் பார்த்து, ஃபோகஸ் செய்து நிமிர்ந்தபோது சட்டகத்துக்குள் ஒரு பெரியம்மா இருந்தார். சுவர் நிழலில் நீலத் தார்ப்பாயை விரித்து சங்கு, சோழி, பாசிமணி பரப்பியிருந்தார். பக்கத்தில் ஆறேழு வயதில் பேத்தி.

“அம்மா, ஒரு படம் எடுக்கணும், கொஞ்சம் அந்தப் பக்கம் உட்கார்றீங்களா?”

“எவ்வளவு நேரம் தம்பி?”

“அஞ்சு நிமிஷந்தாம்மா.”

சங்குகளை ஒவ்வொன்றாகக் கூடையில் எடுத்துப் போட்டு, தார்ப்பாயைச் சுருட்டி, வெயிலில் போய் உட்கார்ந்தார். அந்த அஞ்சு நிமிஷம் எவ்வளவு நீண்டது என்று நான் பார்க்கவில்லை. நடுவில் ஒரு வேன் வந்தது, ஆட்கள் இறங்கினார்கள், சுற்றிப் பார்த்தார்கள், போனார்கள். கூடைக்குள் இருக்கும் சங்கை யார் பார்ப்பார்கள்?

அவர் போன பிறகு பார்த்தால் சுவர் வெறும் சுவராக நின்றது. அழகாகத்தான் இருந்தது. ஆனால் அங்கே வருகிற எல்லாரும் போனிலேயே எடுக்கிற அழகு அது. அப்போதுதான் பேத்தியின் காலைப் பார்த்தேன்.

“பாப்பா, அந்தச் செருப்பைக் கொஞ்சம் தர்றியா?”

“ரெண்டுமா?”

“ஒண்ணு போதும்.”

கொடுத்தாள். எதற்கு என்று பாட்டி கேட்டார். சும்மா என்றேன். கல்லின் மேல் வைத்துப் பார்த்தேன். நேராக வைத்தால் பொய்யாகத் தெரிந்தது. கொஞ்சம் சாய்த்தேன். ஊக்கு தெரியும்படி திருப்பினேன். ஒரு பிடி மணலை அதன் மேல் தூவினேன். மணலைத் தூவியதைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று இதை எழுதும்போதுகூட ஒரு நப்பாசை வந்தது. அதுவும் கிடக்கட்டும்.

“தம்பி, பிள்ளைக்குக் காலு சுடுது, சட்டுனு எடுங்க” என்று குரல் வந்தது. திரும்பிப் பார்த்தேன். செருப்புள்ள காலின் மேல் வெறுங்காலை ஏற்றி வைத்துக்கொண்டு, பாட்டியின் தோளைப் பிடித்தபடி அவள் நின்றாள். கேமராவை அந்தப் பக்கம் திருப்பினால் போதும். தனுஷ்கோடி பற்றி நான் எடுத்திருக்கக்கூடிய ஒரே உருப்படியான படம் அது. எடுக்கவில்லை. என் தலைப்பு சிதைவு. அவள் அதில் சேரமாட்டாள் என்று நினைத்தேன்.

கிளம்பும்போது 50 ரூபாய்க்கு ஒரு சங்கு வாங்கினேன். கணக்கு தீர்ந்ததாக நினைத்துக்கொண்டேன்.

பிலிமில் ஒரு தொந்தரவு உண்டு. டிஜிட்டல் கேமராவில் வேண்டாததை அங்கேயே அழித்துவிடலாம். பிலிமில் நடந்தது எல்லாம் நடந்த வரிசையில் நிற்கும். ஐஸ் போட்டுத் தண்ணீரை 20 டிகிரிக்கு இறக்கி, ரோலைக் கழுவி, காயவைத்து, ரோல் முழுவதையும் ஒரே தாளில் காட்டும் கான்டாக்ட் ஷீட் போட்டுப் பார்த்தேன். முதலில் பெரியம்மாவும் தார்ப்பாயும் உள்ள சுவர். அடுத்து வெறும் சுவர். அடுத்து நேராக வைத்த செருப்பு. பிறகு சாய்ந்த செருப்பு. பிறகு மணல் தூவிய செருப்பு. குற்றப்பத்திரிகையைக் குற்றவாளியே எழுதி, ஹைப்போவில் நனைத்து நிலைப்படுத்தியும் வைத்த மாதிரி இருந்தது. யாராவது கான்டாக்ட் ஷீட்டைக் கேட்டிருந்தால் அன்றே முடிந்திருக்கும். பிரிண்ட் மட்டும் போதும் என்பது விதி. நெகட்டிவ் பொய் சொல்லாது என்று பேசித் திரிகிற கூட்டத்தில் ஒருவர்கூட நெகட்டிவைக் கேட்கவில்லை.

என்னைக் காப்பாற்ற வரலாற்றைத் துணைக்குக் கூப்பிட்டேன். பிரிட்டிஷ் புகைப்படக்காரர் ரோஜர் ஃபென்டன் 1855-இல் கிரிமியப் போர்க்களத்தில் ஒரே சாலையை இரண்டு முறை எடுத்தார். ஒன்றில் சாலை காலி, மற்றொன்றில் சாலை முழுக்கப் பீரங்கிக் குண்டுகள். எது முதலில் எடுத்தது என்று ஆவணப்பட இயக்குநர் எரோல் மோரிஸ் பெரிய ஆராய்ச்சியே நடத்தினார். சரிவில் கிடந்த சிறு கற்கள் இரண்டாவது படத்தில் கீழே உருண்டிருந்ததை வைத்து, காலிச் சாலைதான் முதலில் எடுத்தது என்று முடிவானது. புகைப்படக்காரர் ஆர்தர் ராத்ஸ்டீன் 1936-இல் அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில், வறட்சியைக் காட்ட ஒரு மாட்டு மண்டையோட்டைச் சில அடிகள் நகர்த்தி வெடித்த தரையில் வைத்து எடுத்தார். அன்றைய அதிபர் ரூஸ்வெல்ட்டின் எதிர்க்கட்சிப் பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. இவர்களே செய்திருக்கிறார்கள், நான் எம்மாத்திரம் என்று சொல்லிக்கொண்டேன்.

சொல்லிக்கொண்டபோதே போர்க்களப் புகைப்படக்காரர் பெலிச் பியாட்டோவும் நினைவுக்கு வந்தார். 1857 கலகத்தின்போது லக்னோவில் சிக்கந்தர் பாக் மாளிகையில் பிரிட்டிஷ் படை நூற்றுக்கணக்கான சிப்பாய்களைக் கொன்றது. மாதங்கள் கழித்து வந்த பியாட்டோ எடுத்த படத்தில் இடிந்த மாளிகைக்கு முன்னால் எலும்புகள் சிதறிக் கிடக்கும். மூடப்பட்டிருந்ததைத் திறந்து வைக்கச் சொல்லி அவர் பிடிவாதம் பிடித்தார் என்று அங்கிருந்த பிரிட்டிஷ் அதிகாரி ஒருவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். அந்தப் படத்தைப் பற்றிக் கடுமையாகப் பேசியவன் நான். இடிபாட்டை அழகாக்கச் செத்தவர்களை வரவழைத்தார் என்று ஒரு கூட்டத்தில் சொன்னது நினைவிருக்கிறது. நான் அதையும் தாண்டிவிட்டேன். உயிரோடு இருக்கிற பிள்ளையைச் செத்தவளாக்கினேன்.

செருப்பைவிடப் பெரிய தப்பு, பெரியம்மாவை எழுப்பியது. செருப்பை வைத்தது விதிமீறல். அவரை வெளியே அனுப்பியது அந்த ஊரைப் பற்றிய பொய். புயலில் பாம்பன் பாலமும்தான் உடைந்தது. ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரன் பொறுப்பில் 46 நாளில் அதைச் சரிசெய்து ராமேஸ்வரத்துக்கு ரயில் விட்டார்கள். தனுஷ்கோடிக்கு விடவில்லை. வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்துவிட்டது. இடித்தது கடல். இடிந்தபடியே விட்டது மனிதர்கள் எடுத்த முடிவு. அந்த முடிவை மதிக்காமல் மீனவர்கள் திரும்பி வந்து குடிசை போட்டார்கள், மணலில் ஊற்று தோண்டித் தண்ணீர் எடுத்தார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்புகிறார்கள். 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை வந்த பிறகு எங்களைப் போன்றவர்கள் காரிலேயே போய் இறங்குகிறோம். இறங்கியதும் முதலில் செய்வது, ஆள் இல்லாத கோணத்தைத் தேடுவது. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தையும் இப்படித்தான் எடுத்தார்கள். 2010-இல் பிரெஞ்சுப் புகைப்படக்காரர்கள் மார்ஷானும் மெஃப்ரேயும் புத்தகமாகப் போட்ட படங்களைப் பார்த்தால் அந்த நகரத்தில் ஈ காக்கை கிடையாது என்று தோன்றும். அந்த ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கே ஏழு லட்சம் பேர் இருந்தார்கள். இடிபாட்டுக்கே இலக்கணம் போல எல்லாரும் எடுத்துத் தள்ளிய அந்த ஊர் ரயில் நிலையம் 2024-இல் புதுப்பிக்கப்பட்டுத் திறந்தும் விட்டது.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. எங்கள் போட்டியில் ஒருவர் ஊட்டிக்குப் போயிருந்தார். 1960-இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் அங்கே இருந்தது. ‘இந்து’ என்ற பெயரில் பிலிம் செய்தார்கள். 1967-இல் உற்பத்தி ஆரம்பித்து, பிறகு நொடித்து, மூடியே போனது. இன்று என் கேமராவில் போடும் ரோல் இங்கிலாந்திலிருந்து வருகிறது. பிலிம் போட்டிக்குச் சிதைவு என்று தலைப்பு வைத்தால் முதலில் அங்கேதான் போயிருக்க வேண்டும். எனக்குத் தோன்றவில்லை, அவருக்குத் தோன்றியது. பூட்டிய தொழிற்சாலையின் சுவருக்கு முன்னால், அங்கே வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவரை நிற்க வைத்து எடுத்திருந்தார். கையில் ஒரு பழைய பிலிம் டப்பா. இரண்டாவது இடம் கிடைத்தது. விமர்சனம் சொல்லும் முறை எனக்கு வந்தபோது, “மனிதர் உள்ளே வந்ததால் சிதைவின் தூய்மை குறைந்துவிட்டது” என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. குறித்துக்கொண்டார். போட்டியில் நான் செய்ததிலேயே கேவலமானது இதுதான்.

அந்தப் படத்தைப் போட்டியிலிருந்து எடுத்துவிடச் சொல்லிக் குழுவுக்கு எழுதிவிட்டேன். பரிசாக வந்த ரோல்களில் மிச்சம் இருந்ததை ஊட்டிப் படக்காரருக்கு அனுப்பியாயிற்று. அவரிடம் மன்னிப்பும் கேட்டேன். பெரியம்மாவைத் தேடிப் போனபோது அவர் அங்கே இல்லை. பக்கத்துக் கடைக்காரர்கள், ராமேஸ்வரத்தில் மகள் வீட்டில் இருக்கிறார் என்றார்கள். வேறு பிரிண்ட் போடமாட்டேன். கான்டாக்ட் ஷீட்டை யார் கேட்டாலும் காட்டுகிறேன்.

போட்டிப் படங்களின் கண்காட்சியில் அந்தப் பிரிண்டை விலை கொடுத்து வாங்கியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். திருப்பித் தந்தால் பணத்தைத் தந்துவிடுகிறேன். வைத்துக்கொள்வதாக இருந்தால் படத்தைச் சட்டத்திலிருந்து எடுத்து, பின்பக்கம் 1964 என்று இருப்பதை அடித்துவிட்டு, எடுத்த ஆண்டான 2022-ஐ எழுதுங்கள். செருப்பு வைக்கப்பட்டது என்றும், அதன் சொந்தக்காரி பள்ளிக்கூடம் போகிற வயதுப் பிள்ளை என்றும் கீழே சேர்த்துவிடுங்கள்.