மீன் தொட்டியில் ஏறிய நைட்ரேட்

பரங்கிப்பேட்டைப் பக்கம் மணல்பாங்கான ஊர் ஒன்றில் மூன்று ஏக்கர் வைத்திருக்கும் விவசாயி அவர். இரண்டு ஏக்கரில் கத்தரியும் வெண்டையும், மீதியில் மணிலா. ஐ.டி.ஐ. முடித்த மகன் வீட்டுக் கூடத்தில் நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி வைத்துக் கடல் மீன் வளர்க்கிறான். சுமார் 200 லிட்டர் தண்ணீர். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் ஒரு ஜோடி, நீல நிறத்தில் நாலைந்து சின்ன மீன்கள். அந்தக் கரையில் இது புதுமையல்ல. பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையம் கோமாளி மீன் குஞ்சுகளைப் பொரிப்பகத்திலேயே வளர்த்துக் காட்டியிருக்கிறது.

"இதுக்கு ஆவுற கரண்டு பில்லுக்கு ரெண்டு ஆடு வாங்கிக் கட்டலாம்டா" என்பது அப்பாவின் வாடிக்கையான பேச்சு. ஆனால் வயலில் இருந்து வந்ததும் முகம் கழுவிக்கொண்டு தொட்டி முன்னால் உட்காருவதும் அவர்தான்.

கார்த்திகை மாதத்தில் சிக்கல் வந்தது. கண்ணாடியில் பாசி அப்பியது. மீன்கள் இரை எடுக்காமல் மூலையில் நின்றன. சோதனைக் குழாயில் மருந்து ஊற்றிப் பார்த்தபோது, நைட்ரேட் 80 பி.பி.எம். என்று நிறம் காட்டியது. மீன் மட்டும் உள்ள கடல்நீர்த் தொட்டியில் 40க்குக் கீழே வைத்துக்கொள்வதுதான் வளர்ப்பவர்களின் வழக்கம்.

மகன் செய்ததெல்லாம் சரியான வேலைகள்தான். இரையைப் பாதியாகக் குறைத்தான். வடிகட்டிப் பஞ்சை வாரம் ஒருமுறை அலசினான். மணலில் தங்கிய கசடை உறிஞ்சி எடுத்தான். வாரம் 50 லிட்டர், அதாவது கால் பங்குத் தண்ணீரை மாற்றினான். கணக்குப்படி 80 என்பது 60, 45, 34 என்று இறங்கியிருக்க வேண்டும். நாலு வாரம் கழித்தும் நிறம் 40க்கும் 80க்கும் நடுவிலேயே நின்றது.

"அந்த நைட்ரேட்டுன்னா என்னடா, நம்ம யூரியா சமாச்சாரமா?" என்று அப்பா கேட்டார். கிட்டத்தட்ட அதுதான். மீன் கழிவும் தின்னாத இரையும் அழுகினால் அம்மோனியா. நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்கும். வயலில் யூரியா போகிற வழியும் இதே. வயலில் பயிர் அதை எடுத்துக்கொள்ளும். தொட்டியில் எடுக்க ஆளில்லாமல் சேர்ந்துகொண்டே போகும். நெல் வயலில் காய்ச்சலும் பாய்ச்சலும் மாறி மாறி வந்தால் காற்றில்லாத சேற்றில் நைட்ரேட் வாயுவாகிப் பறந்துவிடும்; நமக்கு அது நட்டம். மீன் தொட்டிக்காரருக்கோ அதுதான் வேண்டும். நுண்துளைகள் நிறைந்த கல்லை உள்ளே வைப்பது இதற்காகத்தான்; கல்லின் நடுவில் காற்று எட்டாது. (இதற்காகக் கடலில் இருந்து பவளப்பாறைத் துண்டை எடுத்து வரக்கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அது குற்றம். கடையில் விற்கும் சுட்ட மண் கல்லே போதும்.)

அப்பா அதோடு விடவில்லை. "வெளியில போறது இருக்கட்டும், உள்ள வர்ற தண்ணியைப் பாத்தியா?" என்றார். வழக்கமாக மகன் வண்டியில் கேன் கட்டிக் கடல் தண்ணீர் கொண்டுவருவான். ஐப்பசி மழையில் வெள்ளாறு கலங்கி முகத்துவாரத் தண்ணீர் உப்புக் குறைந்துவிட்டதால், கடையில் வாங்கிய கடல் உப்பை லிட்டருக்கு 35 கிராம் வீதம் கிணற்றுத் தண்ணீரில் கலந்து ஊற்றிக்கொண்டிருந்தான். உப்புப் போடாத கிணற்றுத் தண்ணீரைச் சோதித்தான். அதே சிவப்பு.

அப்போதுதான் வீட்டில் எல்லோருக்கும் பகீரென்றது. தலைப்பிரசவத்துக்கு வந்த மகள் உள்ளறையில் இருந்தாள். இரண்டு மாதக் குழந்தைக்குத் தாய்ப்பால் போதவில்லை என்று பவுடர் பாலும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கலப்பது அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான். "நான் நல்லா கொதிக்க வெச்சுதானடா குடுக்கிறேன்" என்றார் ஆயா. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடவே செய்யும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் வயிற்றில் அது நைட்ரைட்டாக மாறி, ரத்தம் பிராணவாயுவைச் சுமப்பதைக் கெடுக்கும். உதடும் நகமும் நீலம் பாரிக்கும்.

அன்றே குழந்தையை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிப் போனார்கள். குழந்தை நன்றாக இருந்தது. தாய்ப்பால் வழியாக நைட்ரேட் குறிப்பிடும் அளவு போகாது, அதை நிறுத்தவே வேண்டாம், பவுடர் பாலுக்குத் தண்ணீரை மட்டும் உடனே மாற்றுங்கள் என்றார் மருத்துவர்.

குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்த கிணற்று மாதிரியில் லிட்டருக்கு 58 மில்லிகிராம் இருந்தது. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் 45க்கு மேல் கூடாது. ஊராட்சிக் குழாய்த் தண்ணீரில் 12தான். (முடிவைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில அறிக்கைகள் நைட்ரேட்டைச் சொல்லும், சில அதில் உள்ள தழைச்சத்தை மட்டும் சொல்லும். தழைச்சத்துக் கணக்கில் 10 என்றால் நைட்ரேட் கணக்கில் சுமார் 44.)

கிணற்றுக்குப் பத்தடியில் மாட்டுக் கொட்டகை, அதை ஒட்டி எருக்குழி. பக்கத்திலேயே கத்தரிக் கொல்லை. மணல் தரையில் ஒரே தடவையில் அள்ளிப் போட்ட யூரியாவில் ஒரு பகுதி மழையோடு கீழே இறங்கியிருக்கும். இப்போது எருக்குழி மேட்டுப் பக்கம் போய்விட்டது, மேலே கீற்றுக் கூரை. யூரியாவை நாலு பங்காகப் பிரித்துப் போடுகிறார். கிணற்றுத் தண்ணீரில் இருப்பதையும் கணக்கில் சேர்க்கிறார். இந்த அளவு நைட்ரேட் உள்ள தண்ணீரை ஏக்கருக்கு ஓர் அங்குலம் பாய்ச்சினால் 1.3 கிலோ தழைச்சத்து சேரும். பருவம் முழுக்க இருபது அங்குலம் பாய்ச்சினால் ஒரு மூட்டை யூரியாவுக்கு மேல். காசு கொடுத்து வாங்கியதுதான், கிணற்றில் கிடந்தது.

தொட்டிக்கு ஊராட்சித் தண்ணீரை இரண்டு நாள் காற்றுக் குழாய் விட்டு வைத்து, குளோரின் போன பிறகு உப்புக் கலந்து ஊற்றுகிறான் மகன். பக்கத்தில் சிறு பெட்டியில் விளக்குப் போட்டுக் கடற்பாசி வளர்க்கிறான். அது நைட்ரேட்டைத் தின்று வளர, மாதம் ஒரு கைப்பிடி அறுத்து வீசுகிறான். கழிவு நீரைக் கத்தரிப் பாத்திக்கு விடலாமா என்று கேட்டு அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். நன்னீர்த் தொட்டிக் கழிவு உரம், கடல்நீர்த் தொட்டிக் கழிவு மண்ணுக்கு விஷம். கேனில் பிடித்துக் கடலிலேயே கொண்டுபோய் ஊற்றுகிறான்.

மாசிக் கடைசியில் தொட்டி 20க்கு வந்தது. கிணறு இன்னும் 50க்கு மேல்தான். அது இறங்கச் சில ஆண்டுகள் ஆகும். ஆயா ஊராட்சித் தண்ணீரையும் கொதிக்க வைத்துத்தான் குழந்தைக்குக் கொடுக்கிறார். அதில் தவறு ஒன்றுமில்லை.