மண்ணெண்ணெயில் ஓடிய மொறிஸ் மைனர்

சிலிண்டர் ஹெட்டைக் கழற்றியபோது உள்ளே ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கஸ்கற் இருந்தன. எந்தக் கையேடும் அப்படிப் போடச் சொல்லாது. இங்கிலாந்தில் ஒரு மெக்கானிக் இதைக் கண்டால், வேலை தெரியாத ஆரோ பூட்டிய இஞ்சின் என்று நினைத்திருப்பார். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எனக்குப் பார்த்தவுடனே விளங்கிவிட்டது. மண்ணெண்ணெய்க்காகச் செய்த வேலை அது. செய்தவர் என்னுடைய குஞ்சியப்பு.

சாவியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அந்தக் கொட்டிலுக்குள்ளேயே இருந்துவிட்டேன்.

கார், 1950களின் நடுவில் வந்த மொறிஸ் மைனர். முன்கண்ணாடி நடுவிலே பிரிந்து இரண்டு துண்டாக இருக்கும். 803 சிசி இஞ்சின், 30 குதிரைவலு. இலக்கத் தகட்டில் ஆங்கில எழுத்து. ஶ்ரீ எழுத்து வருவதற்கு முன் பதிந்த வண்டி. அப்பப்பா அதைப் பழசாகத்தான் வாங்கினார். 1960களில் அரசாங்கம் இறக்குமதியை இறுக்கிய பிறகு புதுக் கார் என்பது எங்கள் பக்கத்தில் பேச்சளவில்தான் இருந்தது. 1977இல் கதவைத் திறந்துவிட்டபோதும், ஜப்பான் கார்கள் கொழும்பில் நிறைந்த அளவுக்கு இங்கே வரவில்லை. ஆகையால் எங்கள் ஊர்களில் ஏ-40 சோமசெற்றும், கேம்பிரிட்ஜும், மொறிஸ் ஒக்ஸ்போர்ட்டும், மைனரும் மாப்பிள்ளை அழைப்புக்கும் ஆஸ்பத்திரிக்கும் செத்த வீட்டுக்கும் ஓடிக்கொண்டே இருந்தன. ஹயறிங் கார் நிற்கும் சந்தியில் சாரதிமார் பொனற்றில் சாய்ந்துகொண்டு பேப்பர் வாசிப்பார்கள். ஒவ்வொரு காரின் சத்தமும் எங்களுக்குத் தெரியும். படலைக்கு வரமுன்னரே இன்னாருடைய வண்டி என்று அப்பாச்சி உள்ளேயிருந்து சொல்லிவிடுவா.

1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கியதோடு அரசாங்கத்தின் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, சீமெந்து இல்லை, உரம் இல்லை. மின்சாரமும் போய்விட்டது. ஆனையிறவுப் பாதை மூடப்பட்டது. பிறகு கிளாலிக் கடலால் வள்ளத்தில் வந்ததுதான் சாமான். பெற்றோலைச் சின்னப் போத்தலில் அடைத்து விற்றார்கள். அதை வாங்கித் தாங்கியில் ஊற்றி ஓடக்கூடிய வசதி எவருக்கும் இருக்கவில்லை. மண்ணெண்ணெய் மட்டும், அதுவும் வரிசையில் நின்றால், கொஞ்சம் கிடைத்தது.

மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய கதையை இப்போது விளையாட்டுப் போலச் சொல்கிறார்கள். அதன் பின்னால் இருந்த அறிவைச் சொல்வதில்லை. குளிர்ந்த இஞ்சினுக்குள் மண்ணெண்ணெய் ஆவியாகாது. முதலில் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, இஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகுதான் மாற்றவேண்டும். நிற்பாட்ட முன்னரும் ஒரு சிறங்கை பெற்றோலில் ஓடவிட்டு, காபரேற்றரில் தங்கிய மண்ணெண்ணெயைத் தீர்க்கவேண்டும். இல்லாவிட்டால் அடுத்த நாள் காலை எழும்பாது. குஞ்சியப்பு கிளிநொச்சியில் உழவு மிஷின் திருத்துகிற இடத்தில் வேலை பழகியவர். பழைய பெர்குசன் உழவு மிஷின்களில் இந்த முறையிலேயே, பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெய் வகை எண்ணெயில் ஓடும் மொடல் இருந்தது. அதைக் கண்ட கை அவருடையது. பொனற்றுக்குள் ஒரு சேலைன் போத்தலைக் கட்டினார். அதற்குள் பெற்றோல், கீழே ரியூப், ஒரு சின்ன அடைப்பு. பின்னாலிருக்கும் தாங்கியில் மண்ணெண்ணெய்.

இந்த இஞ்சினில் காற்று உள்ளே போகிற குழாயும் புகை வெளியே வருகிற குழாயும் ஒரே பக்கத்தில், ஒரே வார்ப்பாகச் சேர்ந்திருக்கும். குளிர் நாட்டில் பெற்றோல் நன்றாக ஆவியாகட்டும் என்று செய்த ஏற்பாடு. எங்களுக்கு அது வேறு வகையில் உதவியது. போதாததற்கு எண்ணெய் வருகிற செப்புக் குழாயையும் புகைக்குழாயைச் சுற்றி வளைத்துவிட்டார், மண்ணெண்ணெய் சூடாகவே காபரேற்றருக்குப் போகட்டும் என்று. மண்ணெண்ணெய்க்கு ஒக்டேன் குறைவு. பெற்றோலுக்கென்று அளந்த அழுத்தத்தில் அது நேரத்துக்கு முந்தி வெடிக்கும்; சுமை ஏறினால் இஞ்சினுக்குள் சுத்தியலால் அடிக்கிற சத்தம் கேட்கும். அதற்குத்தான் இரண்டாவது கஸ்கற். ஹெட் ஒரு மயிரிழை உயரும், அழுத்தம் இறங்கும். டிஸ்ரிபியூற்றரையும் கொஞ்சம் பின்னுக்குத் திருப்பிப் பொறியைத் தாமதமாக்கினார்.

ஆனால் மண்ணெண்ணெய் தன் கூலியை வாங்காமல் விடாது. எரியாத மிச்சம் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டிக் கீழே வடிந்து இஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கும். ஒயில் அளவு குறைவதற்குப் பதிலாகக் கூடும். குஞ்சியப்பு டிப் ஸ்ரிக்கை இழுத்து முதலில் மணந்து பார்ப்பார், பிறகு இரண்டு விரலுக்கிடையில் உருட்டிப் பார்ப்பார். "தம்பி, உது ஒயிலில்லை, விளக்குக்கு விடலாம்" என்பார். 803 இஞ்சினின் பெயறிங்குகள் புதிதாய் இருந்தபோதே பலமானவை என்று பெயரெடுத்தவை அல்ல. நல்ல ஒயிலுக்கும் தட்டுப்பாடு. அந்த இஞ்சின் அத்தனை வருசம் தாங்கியது அவருடைய மூக்காலும் விரலாலும்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பிறகு 1995 ஒக்ரோபர் 30. சண்டை நெருங்கிவர, வலிகாமம் முழுவதும் அந்த இரவில் நாவற்குழிப் பக்கம் எழும்பி நடந்தது. மழை. காருக்குள் அப்பாச்சியும் நடக்கமுடியாத அயலவர் இரண்டு பேரும். மேலே பாயும் பானையும். சனத்தின் கால் வேகத்தில் நகர்ந்தால் ரேடியேற்றருக்குக் காற்று எங்கேயிருந்து வரும்? மண்ணெண்ணெயில் ஏற்கெனவே சூடாக ஓடுகிற இஞ்சின், செம்மணி வெளியில் கொதித்துவிட்டது. குஞ்சியப்பு பொனற்றைக் கழற்றிப் பின்சீற்றுக்கும் முன்சீற்றுக்கும் இடையில் சொருகினார். இஞ்சினை நிற்பாட்டிவிட்டு, "தள்ளுங்கோ, ஆற விட்டுத் தள்ளுங்கோ" என்றார். ஆரென்று தெரியாத ஆக்கள் தங்கள் மூட்டையைக் காரின் மேல் வைத்துவிட்டுத் தள்ளினார்கள். ஒரு மனுசி ரோட்டோர வெள்ளத்தைச் செம்பில் அள்ளி ரேடியேற்றருக்கு நீட்டினா. விடிந்தபோது நாவற்குழிப் பாலத்தையும் தாண்டியிருந்தோம். அன்று தள்ளியவர்களின் முகம் ஒன்றும் எனக்கு ஞாபகமில்லை. செம்பை நீட்டிய கையில் கிடந்த கறுத்தக் காப்பு மட்டும் ஞாபகம்.

இந்தக் காரை வரைந்த அலெக் இசிகோனிஸ் 1906இல் ஸ்மேர்னாவில் பிறந்தவர். இன்றைக்கு அது துருக்கியின் இஸ்மிர். 1922இல் போர் அந்த நகரத்தை விழுங்கியபோது குடும்பத்தோடு பிரித்தானியக் கப்பலில் ஏறி வெளியேறினார். பிறகு இங்கிலாந்துக்கு வந்து பொறியியல் படித்தார். 1948இல் லண்டன் கண்காட்சியில் மைனர் வெளிவந்தது. அதற்குச் சற்று முன் மாதிரிக் கார் ஒடுக்கமாகத் தெரிகிறதென்று அதை நீளவாக்கில் இரண்டாக வெட்டி, நான்கு அங்குலம் அகட்டிப் பார்த்துத் திருப்திப்பட்டார். அதனால்தான் பொனற்றின் நடுவால் ஒரு தட்டையான பட்டி ஓடுகிறது. இதையெல்லாம் நான் பின்னாளில் வாசித்துத்தான் அறிந்தேன். பதினைந்து வயதில் ஊரை விட்டுக் கடலால் போன ஒருவர் கீறிய வண்டியில்தான் அப்பாச்சி பாலம் தாண்டினா என்பது அன்றைக்குத் தெரிந்திருந்தால் குஞ்சியப்புவிடம் சொல்லியிருப்பேன். அவர் அதை விரும்பியிருப்பார்.

1996இல் வீட்டுக்குத் திரும்பினோம். கார் மெல்ல மெல்ல ஓட்டம் குறைந்தது. 2002இல் ஏ-9 பாதை திறந்தபோது தெற்கிலிருந்து புது மோட்டார் சைக்கிள்களும் வான்களும் வந்து இறங்கின. மைனரைக் கல்லில் ஏற்றிப் படங்கால் மூடினார்கள். 2006 ஓகஸ்டில் பாதை திரும்ப மூடிய பிறகுதான் குஞ்சியப்பு செத்தார். அவருடைய பிள்ளைகள் மூன்று நாட்டில், ஒருவராலும் வரமுடியவில்லை. கொள்ளி நான் வைத்தேன்.

இப்போது அந்தக் காரைத் திருப்பி எழுப்புகிறேன். வளவுக்குள் தகரக் கொட்டில். சனி ஞாயிறும் பின்னேரங்களும்தான் நேரம். பிளக் துவாரங்களால் டீசலும் ஒயிலும் விட்டு ஊறப்போட்டு, முன்னால் கைப்பிடி கொடுத்து அசைத்து அசைத்து, இறுகிப்போன இஞ்சினை இளக்கினேன். கடற்காற்று கீழ்ப்பக்கத்தைத் தின்றிருந்தது. கதவுக்குக் கீழேயுள்ள சட்டமும், ஜக் வைக்கிற இடமும், பின் வில் கொழுவுகிற இடமும் கறள் பிடித்து விரலால் குத்தினால் உதிர்ந்தன. புதுத் தகட்டுக்கு எழுதிக் கேட்டபோது ஒரு விசயம் தெரியவந்து நெஞ்சை உறுத்தியது. 1990களில், எங்களுக்கு ஒரு நட்டுக்கூட வராத அதே காலத்தில், இங்கிலாந்தின் பாத் நகரத்து மொறிஸ் மைனர் நிலையத்துக்காக இதே இலங்கையின் தெற்கில் மைனருக்குத் தகட்டுப் பாகங்கள் அடித்து அனுப்பியிருக்கிறார்கள். அடித்த தொழிலாளியில் பிழை இல்லை. ஆனால் ஒரே தீவுக்குள் அப்படி இருந்தது என்பதைச் சொல்லாமல் விடவும் முடியவில்லை.

பிறேக் வேலைக்குத்தான் நான் மிகவும் பயந்தேன். மைனரில் மாஸ்ரர் சிலிண்டர் சாரதியின் காலடியில், சசிக்குள் ஒளிந்திருக்கும். முன்சில்லின் பாரத்தைத் தாங்குவதற்கு இந்தக் காரில் சுருள் வில் கிடையாது. நீண்ட உருக்குத் தண்டு ஒன்று முறுகித் தாங்கும். அந்தத் தண்டு, மாஸ்ரர் சிலிண்டரின் போல்ட்டை வெளியே இழுக்கமுடியாதபடி குறுக்கே நிற்கும். முறுக்கிலிருக்கும் தண்டை இறக்குவது ஆபத்தான வேலை. அதற்கான ஆயத்தத்தோடு காருக்குக் கீழே படுத்து விளக்கைப் பிடித்தால், நட் இருக்கவேண்டிய பக்கத்தில் போல்ட்டின் தலை இருந்தது. ஆரோ ஒருநாள் அந்தக் கஷ்டத்தை ஒருமுறை பட்டு, அடுத்து வருகிறவன் படக்கூடாதென்று போல்ட்டுகளை மறுபக்கமாகப் போட்டு வைத்திருக்கிறார். சாவி வைத்துத் திருப்பினேன். அப்படியே கையோடு வந்தது. அடுத்து வருகிறவன் நானாக இருப்பேன் என்று அவர் நினைத்திருக்கமாட்டார்.

உள்ளே இறப்பர்கள் ஒட்டிப்போய் இருந்தன. ஆமணக்கெண்ணெய் வாசம் மெல்லியதாக இன்னும் இருந்தது. பிறேக் ஒயில் கிடைக்காத நாளில் சாதாரண இஞ்சின் ஒயிலை ஊற்றினால் இறப்பர் ஊதிப் பிறேக் பிடித்தபடி நின்றுவிடும். குஞ்சியப்பு ஆமணக்கெண்ணெயோடு மதுசாரம் கலந்து விட்டார். பழைய காலத்துப் பிறேக் ஒயிலே ஆமணக்கெண்ணெயும் மதுசாரமும்தான். அதை அவர் எங்கே அறிந்தாரோ.

முன்சில்லுகளைத் தாங்கும் கீழ்த் திருகுமூட்டு மைனரின் பெரிய பலவீனம். கிறீஸ் காய்ந்தால் புரி தேய்ந்து, ஒருநாள் வளைவில் சில்லு பக்கவாட்டில் மடிந்து விழும். இந்தக் காரில் இடப்பக்கத்துப் புரி இன்னும் உயிரோடு இருந்தது. வலப்பக்கம் போய்விட்டது; இரண்டையும் தபாலில் எடுத்து மாற்றினேன்.

ஹெட்டைச் சமப்படுத்தக் கொண்டுபோன கடைசல் பட்டறையில் ஒரு வயதான ஐயா இருக்கிறார். மகன்தான் இப்போது மிஷினில் நிற்கிறார். ஐயா எழும்பி வந்து உள்ளங்கையால் ஹெட்டின் முகத்தை ஒருமுறை தடவினார்.

"உது மண்ணெண்ணெய் ஓடின தலை என்ன?"

"ஓம் ஐயா. எப்பிடிக் கண்டனீங்கள்?"

"இரண்டு கஸ்கற்றுக்கு இடையிலை தண்ணி ஊறும் தம்பி. ஊறின இடம் உப்பிடித்தான் அரிச்சிருக்கும். உதுமாதிரி எத்தனை தலை இந்த மேசையிலை கிடந்தது."

மகனுக்கு அது புதுச் செய்தி. நல்ல வேலைக்காரன் அவர். கணினியைக் கொழுவிப் புதுக் கார்களின் பிழையை ஒரு நிமிசத்தில் சொல்லிவிடுவார். தகப்பன் செய்தவற்றை ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை.

ஒரு கஸ்கற்றோடு ஹெட்டைப் பூட்டி, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக 40 இறாத்தல்-அடிக்கு நட்டுகளை இறுக்கினேன். குஞ்சியப்புவுக்கு அளக்கிற சாவி கிடையாது, மணிக்கட்டுத்தான். இஞ்சின் எழும்பியது, ஆனால் கறுத்தப் புகை கக்கித் திக்கியது. பிளக் எல்லாம் கரி. பற்றவைப்பைச் சரிபார்த்தேன், மிதவையைச் சரிபார்த்தேன், ஒன்றிலும் பிழையில்லை. கடைசியில் காபரேற்றரின் ஊசியை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தபோது தெரிந்தது: மெல்லிய உரைதாளால் நீளத்துக்குத் தேய்த்து மெலியவைத்திருக்கிறார், தடித்த மண்ணெண்ணெய் தாராளமாய் இறங்கட்டும் என்று. பெற்றோலுக்கு அது மிதமிஞ்சிய வழி. புது ஊசி போட்ட அன்று இஞ்சின் ஒரே சீராக ஓடியது. தேய்த்த ஊசியைக் கையில் வைத்துத் தடவினேன். மேலிருந்து கீழ்வரை ஒரு மேடு பள்ளம் இல்லை. மின்சாரமில்லாத இரவில், குப்பி விளக்கு வெளிச்சத்தில் செய்த வேலை.

கஸ்கற்றைக் கழற்றினேன், ஊசியை மாற்றினேன், செப்புக் குழாயை நிமிர்த்தினேன். கார் சரியாக ஓட வேண்டுமென்றால் அவர் செய்தவற்றையெல்லாம் ஒவ்வொன்றாக நான் அழிக்கவேண்டியிருக்கிறது. இதை எழுதுவதற்குக் காரணமும் அதுதான். சேலைன் போத்தல் கொழுவிய கம்பி வளையத்தை மட்டும் அதன் இடத்திலேயே விட்டிருக்கிறேன். அதற்கும் சாம்பல் நிறம் அடித்தாயிற்று.

அந்தக் காலத்துக் கராச்காரர்கள் ஒருவரும் தாங்கள் செய்ததை எழுதிவைக்கவில்லை. எழுதுகிற வேலையென்று அவர்கள் அதை நினைக்கவும் இல்லை. இப்போது பெரும்பாலானோர் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். உங்கள் ஊரில், உங்கள் ஒழுங்கையில், அப்படி ஒருவர் இருந்தால் இந்தக் கிழமையே போய்ப் பக்கத்தில் இருங்கள். எந்த இஞ்சினுக்கு என்ன செய்தார், எதை எதற்குப் பதிலாகப் போட்டார், எது சரிவந்தது, எது சரிவரவில்லை என்று கேட்டு, அவர் சொல்கிறபடியே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.