மூன்றடிக்குக் கீழே

தூபக்காலில் கிடந்த கரித்துண்டு ஒன்றை எடுத்து என் மகன் பட்டாசல் சுவரில் கோபுரம் வரைந்தான். அப்போது அவனுக்கு நான்கு வயது. நான் அவனை அடித்தேன். இவ்விரண்டு செய்திகளுக்கும் நடுவே ஒரு வீட்டின் கதை இருக்கிறது. அதை முழுவதுமாகச் சொல்லிவிடுவதே முறை.

சங்கரன்கோவிலில் எங்கள் வீடு தேரோடும் வீதியிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. அப்பா கட்டியது. திண்ணை, நடை, தார்சா, பட்டாசல், அடுக்களை, புறவாசலில் கிணறு என்று நீளவாக்கில் போகும் வீடு. தார்சா என்ற சொல் திருநெல்வேலிப் பக்கத்தார் அல்லாதவர்களுக்குப் புதிதாக இருக்கலாம். வாசலுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் முன்னறை அது. வந்தவர் உட்காருவதும், பிள்ளைகள் விளையாடுவதும், மழைக்கு வற்றல் காய்வதும் எல்லாம் அங்கேதான். தரை சிவப்புக் காவித் தரை. சிமெண்டோடு காவிப்பொடி கலந்து பூசி, கரண்டியால் தேய்த்துத் தேய்த்து மினுக்கி, நாள்கணக்கில் தண்ணீர் கட்டி வைத்து உண்டாக்கியது. சுவரின் மேற்பகுதி சுண்ணாம்பு. கீழே மூன்றடி உயரத்துக்கு மட்டும் காவி நிறத்தில் எண்ணெய்ப் பெயிண்ட். அந்த மூன்றடியை நான் சிறுவயதில் ஒருபோதும் கவனித்ததில்லை. இன்று இந்தக் கட்டுரையே அதைப் பற்றியதாக இருக்கிறது.

எனக்குத் திருமணம் தாமதமாக நடந்தது. பிள்ளைகள் அதைவிடத் தாமதமாகப் பிறந்தார்கள். மூத்தவள் மகள், இளையவன் மகன். கல்லூரியில் வேலை நிரந்தரமாகி, கடன் வாங்கும் தகுதி வந்தபோது வீட்டை மாற்றிக் கட்டத் தீர்மானித்தோம். கைபேசியில் பார்த்த படங்கள் நூற்றுக்கு மேல் சேர்ந்திருந்தன. எல்லாப் படங்களிலும் வெள்ளைச் சுவர், வெள்ளைத் தரை, சாம்பல் நிறச் சோபா, கண்ணாடி டீபாய், மேலே மறைவிளக்கோடு ஃபால்ஸ் சீலிங். ஒரு படத்திலும் ஒரு குழந்தை இல்லை என்பதை அன்று எங்கள் இருவரில் ஒருவரும் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் படம் எடுக்கும்போது வெளியே அனுப்பியிருப்பார்கள் என்று நினைத்திருப்போம்.

பழைய வீட்டை இடித்ததற்காக இன்று மார்பில் அடித்துக்கொண்டு அழப் போவதில்லை. அந்த அடுக்களையின் புகையில் என் அம்மாவின் கண்கள் கெட்டன. மச்சுக்கு ஏறும் படி செங்குத்தானது. பெரியப்பா மகன் அதில் உருண்டு கையை முறித்துக்கொண்டான். கிணற்றுச் சுவரோ என் இடுப்புக்கும் வராது. பழைய வீடுகள் குழந்தைகளுக்குப் பாதுகாப்பானவை என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவற்றில் வளராதவர்கள். இன்று அம்மா முழங்கால் வலியோடு குத்தவைக்க வேண்டியதில்லை, கரி படிந்த சட்டி துலக்க வேண்டியதில்லை. இதெல்லாம் புதிய வீடு தந்தது.

2022 தை மாதம் பால் காய்ச்சினோம். சுவருக்கு இரண்டு கை பட்டி பார்த்து, மணல்தாள் போட்டுத் தேய்த்து, எமல்ஷன் அடித்திருந்தது. கன்னத்தை வைத்து உரசலாம் போல வழுவழுப்பு. பக்கத்து வீட்டு விசைத்தறியிலிருந்து வரும் பஞ்சுத்தூசி சோபாவில் படிவதைத் தவிர எனக்கு வேறு குறை தெரியவில்லை. ஆறு மாதம் கழித்து ஆடித் தபசு வந்தது.

எங்கள் ஊருக்கு ஆடித் தபசு என்றால் என்ன என்பதை வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வரியில் சொல்லிவிடலாம். அரியும் சிவனும் ஒன்றாக இருக்கும் கோலத்தைக் காண வேண்டிக் கோமதியம்மன் தவம் இருந்த கதை, அந்தக் காட்சி கொடுக்கும் நாள், ஊர் கொள்ளாத கூட்டம். எங்கள் குடும்பத்துக்கோ அது உறவுகள் வந்து இறங்கும் நாள். பழைய வீட்டில் இருபது பிள்ளைகள் தார்சாவில் வரிசையாகப் படுத்துறங்கியதை நான் கண்டிருக்கிறேன். அவ்வாண்டு அக்கா தன் பேரப்பிள்ளைகளோடு வந்தாள். சித்தி வீட்டார் வந்தார்கள். பிள்ளைகள் எண்ணெய்த் தலையைச் சுவரில் சாய்த்தார்கள். பஜ்ஜி தின்ற கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். ஈரக்காலோடு வந்த ஒரு பிள்ளை டைல்ஸில் வழுக்கி விழுந்தது. நல்லவேளை, டீபாய் முனைக்கு ஒரு சாண் தள்ளித் தலை போயிற்று. நான் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஒரு துணியைக் கையில் வைத்துக்கொண்டு பின்னாலேயே துடைத்துக்கொண்டு திரிந்தேன். ஒன்றும் சொல்லாமல் துடைப்பது சொல்வதைவிடக் கொடுமை என்பது எனக்குப் பின்னர்தான் விளங்கியது.

அவர்கள் போன மறுவாரம் வெள்ளிக்கிழமை. அம்மா சாம்பிராணி போட்டுவிட்டுத் தூபக்காலை ஆற வைத்திருந்தாள். நான் கல்லூரியிலிருந்து வந்தபோது பட்டாசல் சுவரில், சோபாவுக்கு மேலே, கருப்பாகக் கோபுரம் எழும்பியிருந்தது. நாற்காலி போட்டு ஏறி வரைந்திருக்கிறான். "அப்பா, பாருங்க" என்று சிரித்தபடி திரும்பியவனை முதுகில் அறைந்தேன். பத்து நாளாகப் பொத்தி வைத்திருந்த கோபம் எல்லாம் அந்தச் சிறு முதுகில் இறங்கியது. அக்கா வீட்டுப் பிள்ளைகளுக்கு விழ வேண்டியதை எல்லாம் சேர்த்து அவன் வாங்கினான். என் மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அம்மா மட்டும் அங்கேயே நின்றாள்.

"ஏய்யா, பிள்ளை செவத்துல எழுதாம பின்ன வானத்துலயா எழுதும்? நான் எழுதலியா?"

அம்மா எழுதியிருக்கிறாள். பழைய வீட்டு அடுக்களைச் சுவரில் பால் கணக்கைக் கரிக்கோட்டால் போட்டவள் அவள்தான். நான்கு கோடு, குறுக்கே ஒரு கோடு. நடைச் சுவரில் சலவைக் கணக்கு இருந்தது. தார்சாவில் அப்பா பென்சிலால் எழுதிய தேதிகள் இருந்தன. எதற்கான தேதி என்று அவருக்கே மறந்துபோனவை. பெரியவர்களே எழுதிய சுவரில் பிள்ளைகள் எழுதுவது யாருக்கும் குற்றமாகத் தெரியவில்லை. பொங்கலுக்கு முந்தின வாரம் சுண்ணாம்பு வாளியோடு ஆள் வருவார். ஓராண்டுக் கணக்கும் கிறுக்கலும் ஒரே நாளில் போய்விடும். மூன்றடிக்குக் கீழே காவிப் பெயிண்டில் கறை தெரியாது, தெரிந்தால் ஈரத்துணி போதும். புதிய சுவரில் அப்படியில்லை. கறைபட்ட இடத்தில் மட்டும் எமல்ஷனைத் தொட்டு அடித்தால் அது திட்டாகத் தெரியும்; முழுச் சுவரையும் அடிக்க வேண்டும்.

அன்றிரவு எல்லோரும் உறங்கிய பின் ஈரத்துணியோடு சுவரருகே போனேன். துடைக்கும் முன் கோபுரத்தின் நிலைகளை எண்ணினேன். ஒன்பது இருந்தது. கோயிலுக்குப் போகும்போதெல்லாம் ராஜகோபுரத்தைக் காட்டி ஒன்று, இரண்டு சொல்லிக் கொடுத்தவன் நான். ஒன்பதையும் வரைய உயரம் போதாமல்தான் நாற்காலி போட்டிருக்கிறான். நான் துடைக்கவில்லை.

அடுத்த வாரம் முதுகலை வகுப்பில் பிள்ளைத்தமிழ் நடத்த வேண்டியிருந்தது. ஆண்பால் பிள்ளைத்தமிழின் கடைசி மூன்று பருவங்களில் ஒன்று சிற்றில். தெருமணலில் வீடு கட்டி விளையாடும் சிறுமியர், அதைக் காலால் அழிக்க வரும் பாட்டுடைத் தலைவனாகிய குழந்தையைப் பார்த்து, அழிக்காதே என்று கெஞ்சுவதாக வரும். எங்களுக்கு வடக்கே இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரியான ஆண்டாளும் நாச்சியார் திருமொழியில் இதற்கென்றே ஒரு பதிகம் பாடியிருக்கிறாள். பல ஆண்டுகளாக நடத்தும் பாடம். அன்று ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "ஐயா, அவன் வந்து அழிக்கணும்னுதானே அவங்க தெருவுல கட்டுறாங்க? இல்லன்னா வீட்டுக்குள்ள கட்டியிருப்பாங்களே?" வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். மரபு, உள்ளுறை என்று ஏதோ சொல்லி மணி அடிக்கும் வரை ஓட்டினேன். புறநானூற்றில் பாண்டியன் அறிவுடைநம்பி பாடிய 188ஆம் பாட்டும் அன்று நினைவில் வந்து உறுத்தியது. நெய்ச்சோற்றை மேலெல்லாம் பூசிக்கொள்ளும் குழந்தை இல்லாத செல்வத்தால் என்ன பயன் என்று பாடியவன் அரசன். அவன் அரண்மனைத் தரையைத் துடைத்தவர் யார் என்று பாட்டில் இல்லை.

இந்தக் கடைசிக் கேள்வி என்னுடையதன்று. என் மனைவி கேட்டது. பிள்ளைகள் இஷ்டம்போல் இருக்கட்டும் என்று நான் ஞானோதயம் பெற்றவன்போல் அறிவித்தபோது, "இருக்கட்டும்ங்க. துடைக்கிறது யாரு?" என்றாள். அவளும் காலை எட்டு மணிக்கு வேலைக்குப் போகிறவள். வெள்ளைத் தரையை நாளுக்கு இரண்டு முறை துடைத்தவள் அவள். நான் துணியோடு திரிந்தது தபசு நாள் மூன்றில் மட்டும்தான்.

மகனிடம் ஒரு மாற்றம் தெரியத் தொடங்கியிருந்தது. பட்டாசலில் ஓடுவதை நிறுத்திவிட்டான். சோபாவின் நுனியில், விருந்தாளியைப்போல உட்கார்ந்தான். எதை எடுப்பதற்கு முன்னும் "தொடலாமா அப்பா?" என்று கேட்டான். வந்தவர்கள் எல்லாம் எவ்வளவு நல்ல பிள்ளை என்றார்கள். 2023 ஆடித் தபசுக்கு அக்கா குடும்பத்தோடு ஊருக்கு வந்தாள், வீட்டுக்கு வரவில்லை. தொலைபேசியில் சொன்னாள்: "பிள்ளைய சும்ம இருக்காதுவ தம்பி. உன் வீடு அழுக்காயிரும். லாட்ஜுல ரூம் போட்டுட்டோம். நீ ஒண்ணும் நெனைக்காத." பிறந்த வீடு இருக்கும் ஊரில், தபசு நாளில், அக்கா லாட்ஜில் தங்கினாள். அம்மா அன்று மதியம் சாப்பிடவில்லை.

அந்த நாட்களில்தான் மரியா மாண்டிசோரியைப் பற்றிப் படித்தேன். 1939இல் சென்னை அடையாற்றுக்குப் பிரம்மஞான சபையின் அழைப்பில் வந்து பயிற்சி நடத்தியவர், போர்க்காலத்தில் கொடைக்கானலில் தங்கியவர் என்ற அளவில் அவரை அறிவேன். அவருடைய முதல் பள்ளி தொடங்கிய காரணம் எனக்குத் தெரியாது. ரோம் நகரில் சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் பகுதியில் ஒரு நிறுவனம் பழைய குடியிருப்புகளைச் செப்பனிட்டு வாடகைக்கு விட்டது. பெற்றோர் வேலைக்குப் போய்விட, பள்ளி வயது வராத பிள்ளைகள் புதிதாக வெள்ளையடித்த சுவர்களையும் படிக்கட்டுகளையும் கிறுக்கிப் பாழாக்கினர். ஆண்டுதோறும் செப்பனிடும் செலவுக்குப் பதில் பிள்ளைகளை ஓரறையில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று அந்நிறுவனத்தின் தலைவர் எண்ணினார். அதற்காக மருத்துவரான மாண்டிசோரியை அழைத்தார். 1907 ஜனவரி 6ஆம் நாள் 'குழந்தைகள் வீடு' தொடங்கியது. இன்று உலகமெங்கும் கட்டணம் வாங்கும் ஒரு கல்விமுறை சுவர்க் கிறுக்கலுக்கு அஞ்சிய வீட்டுக்காரர்களால் பிறந்தது என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. கிறுக்கல் பயத்தில் நான் தனியாள் இல்லை!

ஆனால் மாண்டிசோரி அங்கே செய்தது வேறு. பிள்ளைகளே தூக்கி நகர்த்தக்கூடிய எடையில் மேசை நாற்காலி, அவர்கள் கைக்கு எட்டும் அலமாரி, அவர்கள் உயரத்துக்குக் கைகழுவும் மேடை. 1914இல் வந்த கையேட்டில் அறையை வர்ணிக்கும்போது, பிள்ளைகள் எழுதவும் வரையவும் சுவரைச் சுற்றிலும் தாழ்வாகக் கரும்பலகைகள் பதித்திருப்பதைச் சொல்கிறார். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து எங்கள் சுவரைப் பார்த்தேன். கோபுரம் மங்கலாக இன்னும் இருந்தது.

2024 பொங்கலுக்கு முன் பெயிண்டரையும் பழைய கொத்தனாரையும் அழைத்தேன். பட்டாசலில் மூன்று பக்கமும் மூன்றடி உயரத்துக்குக் கரும்பச்சை எனாமல், ஒரு பக்கம் மட்டும் கரும்பலகைப் பெயிண்ட். கொத்தனார் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார், இந்தப் பட்டைய சொரண்டி எடுக்கதுக்குத்தான அன்னைக்கு நாலு நாள் கூலி குடுத்திய." கண்ணாடி டீபாய் மாடிக்குப் போயிற்று. அந்த இடத்தில் கோரைப்பாய். பிள்ளைகள் உயரத்துக்கு நான்கு கொக்கி, குட்டைப் பலகையில் தண்ணீர்ப்பானை, இரண்டு சின்ன டம்ளர். முன்பெல்லாம் தண்ணீர் கேட்டு அழைத்துக்கொண்டே இருந்த மகள் இப்போது தானே மொண்டு குடிக்கிறாள். சிந்துகிறது, துணி கீழ்க்கொக்கியில் தொங்குகிறது, சிந்தியவர் துடைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. சிந்தாத நாளிலும் தரை துடைப்பது வாரத்தில் நான்கு நாள் என் பங்கு. டைல்ஸை மாற்றப் பணமில்லை. ஈரக்காலுக்கு வாசலில் சாக்குதான். பார்க்க வந்த நண்பர் ஒருவர் வீட்டின் தோற்றமே போய்விட்டது என்றார். உண்மைதான். திண்ணையையும் மீட்க முடியவில்லை. அங்கே இப்போது கார் நிற்கிறது, தெருவும் மேடாகிவிட்டது. சாயங்காலம் அம்மா உட்கார இடம் இல்லாமல் கார் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக்கொள்கிறாள்.

கரும்பலகைச் சுவரில் மகன் உடனே பாய்ந்து வரைவான் என்று எதிர்பார்த்தேன். சுண்ணக்கட்டியைக் கையில் கொடுத்தேன். "வேண்டாம்ப்பா" என்றான். அதில் முதலில் எழுதியவள் மகள்தான், ஏழாம் வாய்ப்பாடு. பிறகு அம்மா. பிள்ளைகளுக்கென்று வரும் மாட்டுப்பாலின் கணக்கை அங்கே போடத் தொடங்கினாள், பழையபடி நான்கு கோடு, குறுக்கே ஒன்று. அக்காவிடம் சுவரைப் பற்றிச் சொன்னேன். "பாப்பம்" என்றாள்.

சென்ற மாதம் பால்காரருக்குப் பணம் கொடுக்கும்போது கணக்கு உதைத்தது. அவர் இருபத்தெட்டு என்றார். சுவர் முப்பத்தொன்று என்றது. அம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு சுவரருகே போய்ப் பார்த்தாள். கடைசியில் மூன்று கோடுகள் மட்டும் கொஞ்சம் கோணலாக, மற்றவற்றைவிட ஓரடி கீழே இருந்தன. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு முப்பத்தொன்றுக்கே பணத்தை எண்ணிக் கொடுத்து அனுப்பிவிட்டாள்.