சைக்கிளுக்கு லைட் எதுக்கு?

எங்க பக்கம் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான். "பொறந்ததுலேர்ந்து போற பாதை. கண்ணைக் கட்டி விட்டாலும் வீடு போய்ச் சேருவேன். எனக்கெதுக்குப்பா லைட்டு?"

சொல்றது பொய்யில்ல. அமாவாசையிலயும் மேடு பள்ளம் தெரிஞ்சு மிதிக்கிற ஆளுங்கதான். ஆனா பாதை நமக்குத் தெரியுறது வேற, நாம அங்க போறோம்னு பின்னாடி வர்ற லாரிக்காரருக்குத் தெரியுறது வேற.

இருட்டுல சைக்கிள் மிதிக்கிறவங்க இங்க இன்னும் நிறைய. ராத்திரி மோட்டார் போடப் போறவர், விடியுமுன்ன பால் கேன் கட்டிக்கிட்டுப் போறவர், சாயங்கால ஸ்பெஷல் கிளாஸ் முடிஞ்சு இலவச சைக்கிள்ல திரும்புற பிள்ளைங்க. மார்கழி, தையில ஏழு மணிக்கெல்லாம் நல்லா இருட்டிடும். நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை எடுக்கிறவங்க நெத்தியில லைட் கட்டிக்கிட்டுத்தான் தோட்டத்துல இறங்குவாங்க. ரோட்டுக்கு வந்ததும் அதைக் கழட்டிப் பையில போட்டுடுவாங்க. பூ தெரியணும்னு லைட்டு, ஆள் தெரிய வேண்டாமா?

எங்க சின்ன வயசுல சைக்கிள்ல டைனமோ இருக்கும். டயரை உரசிக்கிட்டு ஓடும், மிதிக்கக் கனமா இருக்கும், நின்னா அணைஞ்சிடும். ஆனாலும் லைட் இல்லாமப் போனா போலீஸ் பிடிக்கும்னு ஒரு பயம் இருந்துச்சு. இப்ப டைனமோவும் இல்ல, அந்தப் பயமும் இல்ல. ரோடு மட்டும் நாலு வழி ஆயிடுச்சு.

ஒரு கணக்குப் பாருங்க. எண்பது கிலோமீட்டர் வேகத்துல வர்ற கார் ஒரு செகண்டுக்கு 22 மீட்டர் ஓடுது. டிம் லைட்ல நாற்பது, ஐம்பது மீட்டர் தெரிஞ்சாலே பெருசு. அப்ப இருக்கிறது ரெண்டு செகண்டு. பார்த்து, புரிஞ்சு, பிரேக்ல கால் வைக்கவே ஒண்ணு, ஒண்ணரை செகண்டு போயிடும். எதிர்ல ஒருத்தன் ஹைபீம் அடிச்சா அதுவும் கிடையாது.

பக்கத்து ஊர்ல ஒருத்தர் புல்லுக்கட்டோட போகும்போது கார் இடிச்சு இறந்துட்டார். ஓட்டிவந்த பையன் "கிட்ட வந்தப்புறம்தாண்ணே தெரிஞ்சது"ன்னு அழுதான். அவன் பொய் சொல்றான்னு எனக்குத் தோணல.

தை மாசம் திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம் வழியா பழனிக்கு நடந்து போற பக்தர்களைப் பார்த்திருப்பீங்க. வெயிலுக்குப் பயந்து ராத்திரியில நடப்பாங்க. போலீஸ்காரங்க அவங்க பைக்குப் பின்னாடி ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டி விடுறாங்க, கையில ஒளிரும் குச்சி கொடுக்கிறாங்க. நல்ல காரியம். ஆனா அதே ரோட்டுல வருசம் பூரா சைக்கிள்ல போற உள்ளூர்க்காரனுக்கு யாரு ஒட்டி விடுறது?

பெரிய செலவும் இல்ல. சீட்டுக்குக் கீழ ஒரு சிவப்பு லைட்டு. அது முடியலைன்னா லாரிக்குப் பின்னாடி ஒட்டுற சிவப்பு ஸ்டிக்கர் ஒரு துண்டு மட்கார்டுல. கேரியர்ல கேனோ கட்டோ வச்சா சீட்டுக்குக் கீழ இருக்கிறது மறைஞ்சிடும். அதனால கேன் மேலயும் ஒரு துண்டு ஒட்டணும். புல்லுக்கட்டுன்னா அதுக்குப் பின்னாடியே லைட்டைக் கட்டிடலாம். முன்னாடி இருக்கிற லைட்டு நமக்கு வழி காட்டும், பின்னாடி இருக்கிறதுதான் உசுரைக் காப்பாத்தும்.

பட்டணத்துல இருக்கிற உங்களுக்கு ரெண்டு வேண்டுகோள். ராத்திரி எங்க ஊர்ப் பக்கம் கார்ல வந்தா, எதிர்ல வண்டி வரும்போது லைட்டை டிம் பண்ணுங்க. பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது அப்பாவுக்கு வேட்டி, துண்டு வாங்குவீங்கல்ல, அதோட ஒரு சிவப்பு லைட்டும் வாங்கிட்டு வாங்க. கையில கொடுத்தா அலமாரியில வச்சிடுவார். நீங்களே சைக்கிள்ல மாட்டி விட்டுட்டுப் போங்க.