கிழிந்த வலையும் இற்றுப்போன நூலும்

கலிலேயக் கடலோரமாய் நடந்து சென்ற இயேசு யாக்கோபையும் யோவானையும் அழைத்தபோது, அவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதை மத்தேயுவும் மாற்கும் மறவாமல் குறித்து வைத்திருக்கிறார்கள். அவர்கள் படகில் இருந்து வலைகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார்கள். நகரத்தில் வாழும் ஒருவர் இச்சிறு குறிப்பை எளிதில் கடந்து போகலாம். பழவேற்காடு ஏரிக்கரையில் வாழும் எங்களால் அது இயலாது. வலை பின்னும் கைகளைக் காணாமல் எங்கள் குப்பங்களில் ஒரு பகற்பொழுது கழிவதில்லை. பழுதுபார்த்தலைக் குறிக்க நற்செய்தியாளர்கள் கிரேக்கத்தில் கையாண்ட அதே வினைச்சொல்லைப் புனித பவுல் கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தின் ஆறாம் அதிகாரத்திலும் ஆள்கிறார். அங்கே அது, தவறி விழுந்த சகோதரரைத் திருத்தி நிலைநிறுத்துவதைக் குறிக்கிறது. வலைக்கும் மனிதருக்கும் ஒரே சொல்!

ஆயின் அதே மத்தேயு நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில் ஆண்டவர் வேறொன்றும் கூறுகிறார். பழைய ஆடையில் புதுத் துணியை ஒட்டுப் போட்டால் கிழிசல் பெரிதாகும். புதிய மதுவுக்குப் பழைய தோற்பை ஆகாது. எதைப் பழுதுபார்ப்பது, எதைக் கைவிட்டுப் புதியதை நாடுவது? இக்கேள்வி அண்மையில் ஒரு கணினியின் உருவில் என் வீட்டு மேசைமேல் வந்து அமர்ந்தது.

ஆசிரியப் பணியில் இருந்தபோது, 2013ஆம் ஆண்டில் நான் வாங்கிய கணினி அது. பெயருக்குத்தான் அது என்னுடையது. அன்பியக் கூட்டங்களின் பதிவுகள், திருவிழாப் பாடல்கள், மீனவர் நல வாரிய விண்ணப்பங்கள், பிள்ளைகளின் கல்லூரிச் சேர்க்கைப் படிவங்கள் என அக்கம்பக்கத்து வீடுகளின் காரியங்கள் யாவும் அதன் வழியாகவே நடந்தன. ஓராண்டுக் காலமாக அது தளர்ந்துவிட்டது. பொத்தானை அழுத்திவிட்டுத் தேநீர் போட்டு வந்தாலும் திரை விழித்திராது. போதாக்குறைக்கு, அதில் இயங்கிய விண்டோஸ் 10 மென்பொருளுக்கான ஆதரவை 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. தனிநபர்கள் மேலும் ஓராண்டு பாதுகாப்புத் திருத்தங்களைப் பெற ஒரு வழி வைத்தார்கள் என்றாலும், அது தவணையே அன்றித் தீர்வு அன்று. அடுத்து வந்த விண்டோஸ் 11, 2017ஆம் ஆண்டுக்கு முந்தைய இன்டெல் செயலிகளைப் பொதுவாக ஏற்பதில்லை. டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பையும் அது கேட்கிறது. என் கணினியில் இரண்டுமே பொருந்தவில்லை.

சென்னையில் பணிபுரியும் என் மகன் தொலைபேசியில், "அப்பா, பன்னிரண்டு வருஷம் உழைத்தது போதும். புதுசா ஒரு மடிக்கணினி வாங்கிக்கொள்ளுங்கள். பழையதைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிடலாம்" என்றான். அதற்கென 45,000 ரூபாய் ஒதுக்கியும் வைத்தேன். அன்பு மிகுந்த யோசனைதான். ஆனாலும் அதன் பிற்பகுதி என் மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது.

அந்நாள்களில் ஒரு மாலை, வலை பின்னிக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். எழுபது வயதைக் கடந்தவர்; நான் அண்ணன் என்று அழைப்பவர். கணினியை அவர் தொட்டதில்லை. கையிலிருந்த வலை ஊசியை நிறுத்தாமலே அவர் கேட்டார்: "தம்பி, வலை கிழிஞ்சிருக்குதா, இல்ல நூலே இத்துப்போச்சா?"

விளங்காமல் விழித்தேன். அவர் வலையின் ஓர் ஓரத்தை எடுத்து இரு விரல்களால் இழுத்துக் காட்டினார். "நண்டு கடிச்சோ கல்லுல மாட்டியோ கிழிஞ்சா பின்னிடலாம். வெயில்ல கிடந்து நூல் இத்துப்போயிருந்தா பின்னவே கூடாது. ஒரு கண்ணியக் கட்டுனா பக்கத்துக் கண்ணி தெறிக்கும். அப்பக்கூட எல்லாத்தையும் தூக்கிப் போட மாட்டோம். மிதப்பு, ஈயக்குண்டு, கயிறு எல்லாம் நல்லாத்தான் இருக்கும். அதுல புது வலையக் கோத்துக்குவோம்."

ஒட்டுப் போட்ட பழைய ஆடையைப் பற்றிய உவமையை எத்தனையோ மறையுரைகளில் கேட்டிருக்கிறேன். அதன் பொருள் அன்றுதான் என் கைக்கு எட்டியது. பழமை என்பதற்காக ஆண்டவர் எதையும் தள்ளவில்லை. தாங்கும் வலிமை இழந்ததன்மேல் பாரத்தை ஏற்றாதே என்கிறார். எனவே ஒரு பொருளின் வயதைக் கேட்பதற்குமுன் அதன் பழுது எங்கே இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

பொன்னேரியில் கணினி பழுதுபார்க்கும் இளைஞர் ஒருவரிடம் பெட்டியைக் கொண்டு சென்றேன். அவர் திறந்து காட்டியபோது எங்கள் ஊரின் உப்புக்காற்று உள்ளே எழுதியிருந்த வரலாறு தெரிந்தது. இணைப்பு முனைகளில் பச்சை பூத்திருந்தது; மின்விசிறியில் தூசியும் ஈரமும் பிசினாய்ப் படிந்திருந்தன. நினைவகப் பலகையின் முனைகளைப் பள்ளிப் பிள்ளைகளின் அழிப்பானால் மெல்லத் தேய்த்துத் துலக்கினார். தாய்ப்பலகையில் உப்பிய மின்தேக்கி ஒன்றும் இல்லை. அது நலமாகவே இருந்தது. நோய் முழுவதும் ஹார்டு டிஸ்கில் இருந்தது. சுழலும் தட்டின்மேல் ஒரு முள் அங்குமிங்கும் ஓடித் தேடிப் படிக்கும் பழைய அமைப்பு அது; அதன் சில பகுதிகள் படிக்க இயலாதவாறு கெட்டிருந்தன. அதை நீக்கி, அசையும் உறுப்பே இல்லாத எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்தலாம், 4 ஜிபி நினைவகத்தை 8 ஆக்கலாம், விண்டோசுக்கு மாற்றாக, கட்டணமின்றிக் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவலாம் என்றார். மொத்தச் செலவு 4,000 ரூபாய்க்குள் அடங்கியது. அண்ணனின் மொழியில் சொன்னால், வலைதான் போயிருந்தது. மிதப்பும் குண்டும் கயிறும் நன்றாகவே இருந்தன.

பழுதுபார்த்தல் ஏழைகளின் வேலை, புதுமை அறிவியலின் வேலை என்றொரு எண்ணம் நம்மிடம் உண்டு. எங்கள் ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட்டுகள் எழும்போதெல்லாம் குப்பமே கரையில் நின்று அண்ணாந்து பார்க்கும். அந்த விண்வெளித் துறையிலேயே ஒரு சான்று உண்டு. 1977இல் அமெரிக்கா ஏவிய வாயேஜர் 1 விண்கலம், 2023 நவம்பரில் பொருளற்ற குறிகளை அனுப்பத் தொடங்கியது. அதன் கணினி ஒன்றில் ஒரு நினைவகச் சில்லு கெட்டிருந்தது. கலமோ ஏறத்தாழ 2,400 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. ஒரு கட்டளை போய்ச் சேரவே இருபத்திரண்டு மணி நேரத்துக்கு மேலாகும். பொறியாளர்கள் கெட்ட சில்லில் இருந்த நிரலைத் துண்டுகளாக்கி, நல்ல இடங்களில் பிரித்து வைத்தார்கள். 2024 ஏப்ரலில் கலம் மீண்டும் தெளிவாகப் பேசியது. வலையின் கிழிந்த கண்ணிகளைச் சுற்றி நல்ல நூலோடு நூல் சேர்க்கும் அதே பொறுமைதான் அது.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'லௌதாத்தோ சீ' சுற்றுமடலில், வீசியெறியும் பண்பாட்டைப் பற்றி வருந்தி எழுதினார். பொருள்களை எளிதில் குப்பையாக்கும் மனம் மனிதரையும் அவ்வாறே ஒதுக்கிவிடும் என்பது அவரது கவலை. 2022இல் மட்டும் உலகில் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு சேர்ந்ததாகவும், அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 விழுக்காடே என்றும் ஐக்கிய நாடுகளின் கணக்கு கூறுகிறது. நம் நாட்டில் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள், மறுசுழற்சிக்கான பொறுப்பை உற்பத்தியாளர்மேல் சுமத்துகின்றன. எனினும் ஒரு பொருள் குப்பையாகும் நாளைத் தள்ளிப்போடுவது வீட்டில் இருப்பவர் கையிலும் இருக்கிறது.

இனி, என்னை உறுத்திய பகுதிக்கு வருகிறேன். பக்கத்து வீட்டுப் பிள்ளை மீனவர் ஒருவரின் மகள். பொன்னேரியில் கல்லூரியில் கணினிப் பயன்பாட்டியல் பயில்கிறாள். அலைபேசிச் செயலிகளை உருவாக்கும் மென்பொருள் அவளுடைய பாடத்துக்குத் தேவை. அது குறைந்தது 8 ஜிபி நினைவகம் கேட்கும். 16 இருந்தால்தான் தடையின்றி ஓடும். செயலியும் விரைவானதாக இருக்க வேண்டும். எனக்கு வேண்டியதோ கடிதமும் கணக்கும் பாடலும் தட்டச்சு செய்யும் வசதி மட்டுமே. புதியதை நான் வைத்துக்கொண்டு பழையதை அவளுக்குக் கொடுத்தால், தேவை குறைந்தவர் கையில் வலிமை மிக்கதும், தேவை மிகுந்தவர் கையில் வலிமை குறைந்ததும் போய்ச் சேரும். அதற்கு ஈகை என்ற பெயரும் கிடைக்கும்! ஆலயக் காணிக்கைப் பெட்டியின் எதிரே அமர்ந்திருந்த ஆண்டவர், மிகுதியிலிருந்து போட்ட செல்வரையும், தம் பிழைப்புக்கானதையே போட்ட ஏழைக் கைம்பெண்ணையும் வேறுபடுத்திக் கண்டார். நமக்கு ஆகாததைக் கொடுப்பதும் பிறருக்கு ஆவதைக் கொடுப்பதும் ஒன்றல்ல.

ஆகவே முடிவு தலைகீழாயிற்று. பழைய கணினியைச் செப்பனிட்டு நான் வைத்துக்கொள்வது. ஒதுக்கிய பணத்தில் எஞ்சியதைக் கொண்டு மாணவர்களுக்கு ஒரு மடிக்கணினி வாங்குவது. அவளிடம் சொன்னபோது அவள் உடனே ஒப்பவில்லை. மறுநாள் இரு தோழியரோடு வந்தாள். "எனக்கு மட்டும் சும்மா வேணாம் சார். நாங்க மூணு பேரும் பாடு வச்சிக்கிறோம். கெட்டுப்போனா ரிப்பேர் செலவு எங்களுது" என்றாள்.

பாடு என்பது எங்கள் ஏரியின் பழைய ஏற்பாடு. வலை கட்டும் இடங்களை ஒருவரே உரிமை கொண்டாடாதபடி, குலுக்கிப் போட்டு முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்வார்கள். நல்ல இடம் இன்று ஒருவருக்கு என்றால் நாளை மற்றொருவருக்கு. அதில் இடம் பெறாதவர்களின் மனக்குறைகளும் உண்டு, அதை மறைப்பதற்கில்லை. ஆயினும் ஒரு பொருள் எல்லார்க்கும் போதாதபோது சண்டையின்றிப் பகிரும் வழியை ஏரி இம்மக்களுக்குக் கற்பித்திருக்கிறது. அதைக் கணினிக்கும் பொருத்தலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பிள்ளைகளுக்குத் தோன்றியது.

இன்னும் இரண்டு செய்திகளைச் சொல்ல வேண்டும். பழைய ஹார்டு டிஸ்கில் ஊராரின் ஆதார் நகல்களும் வங்கிக் கணக்கு எண்களும் இருந்தன. நாம் அழித்துவிட்டதாக எண்ணும் கோப்பு உண்மையில் உடனே மறைவதில்லை. அதன்மேல் வேறொன்று எழுதப்படும்வரை மீட்டெடுக்கக்கூடியதே. ஆதலால் வேண்டியவற்றைப் படியெடுத்தபின் அந்த இளைஞர் தட்டைத் துளையிட்டுப் பயனற்றதாக்கினார். நம்பி ஒப்படைக்கப்பட்ட விவரங்களும் ஒரு வகையில் பாவசங்கீர்த்தன இரகசியம் போன்றவையே. மற்றொன்று, எங்கள் திருவிழாப் பாடல்கள். அவை பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவை; அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துகளின் குவியலாய்த் தெரியும். தமிழக அரசு 2010இல் யூனிகோடை ஏற்றதுபோல் நாங்களும் மாற்றியிருந்தால் இந்த வேலை இருந்திராது. இப்போது மாலைதோறும் சில பாடல்களாகக் குறியாக்கம் மாற்றிச் சரிபார்த்து வருகிறேன். பாடியவர்களில் பலர் மறைந்துவிட்டார்கள், பாடல்கள் மறையலாகாது.

விண்ணரசைப் பற்றிக் கற்றுத் தேர்ந்தவரை, தம் கருவூலத்திலிருந்து புதியவற்றையும் பழையவற்றையும் எடுத்துக் கொடுக்கும் வீட்டுத்தலைவருக்கு ஆண்டவர் ஒப்பிடுகிறார். இரண்டும் ஒரே கருவூலத்தில் இருக்கின்றன. எதை யாருக்கு எடுத்துக் கொடுப்பது என்று அறிவதே அந்தத் தலைவரின் பொறுப்பு. வாசக அன்பரே, உங்கள் வீட்டிலும் இத்தகைய பழைய பொருள் ஒன்று இருக்கலாம். விலைப்பட்டியலைப் பார்ப்பதற்குமுன் நூலை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். பிறகு, அந்த வலையை நம்பி எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். முடிவு தானே தெளியும்.