வங்கிக்கு வங்கி போகும் கடிதம்

வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் அனுப்பும் பணம் ஓரிரு நாளில் ஊரில் இருப்பவர் கணக்குக்கு வந்துவிடுகிறது. அங்கே கட்டிய நோட்டுகளை யாரும் பெட்டியில் அடுக்கி விமானத்தில் ஏற்றுவதில்லை. அப்படியானால் எதுதான் பயணம் செய்கிறது? ஒரு கடிதம்! "உங்களிடம் உள்ள எங்கள் கணக்கில் இவ்வளவு கழித்துக்கொண்டு இன்னாருக்குக் கொடுங்கள்" என்று ஒரு வங்கி இன்னொரு வங்கிக்கு எழுதும் மின்னணுக் கடிதம்.

கடிதத்தை நம்பித்தான் பணம் கைமாறுகிறது என்றால், அந்தக் கடிதம் உண்மையானதுதான் என்று எப்படித் தெரிந்துகொள்வது? வங்கித் தொழிலின் மிகப் பழைய தலைவலி இதுதான்.

டெலக்ஸ் முதல் ஸ்விஃப்ட் வரை

முன்பெல்லாம் வங்கிகள் டெலக்ஸில்தான் செய்தி அனுப்பின. அனுப்புவதற்கு முன் தொகை, தேதி, நாணயம் எல்லாவற்றுக்கும் ரகசியப் பட்டியலைப் பார்த்து ஒரு எண்ணைக் கணக்கிட்டுச் செய்தியோடு சேர்ப்பார்கள். இதற்கு டெஸ்ட் கீ என்று பெயர். பெறுகிற வங்கியிலும் ஒருவர் உட்கார்ந்து அதே கணக்கைப் போட்டுப் பார்ப்பார். விடை பொருந்தினால்தான் பணம். நம்பகமான முறைதான், ஆனால் ஒவ்வொரு செய்திக்கும் இப்படிக் கணக்குப் போட்டுக் கொண்டிருந்தால் வேலை ஓடுமா?

அதனால் 1973ல் 15 நாடுகளைச் சேர்ந்த 239 வங்கிகள் ஒன்றுகூடி பெல்ஜியத்தில் ஸ்விஃப்ட் என்ற கூட்டுறவு நிறுவனத்தைத் தொடங்கின. 1977ல் அதன் வழியாகச் செய்திகள் போக ஆரம்பித்தன. இன்று 200க்கும் அதிகமான நாடுகளில் 11,000க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் இதில் இருக்கின்றன. ஸ்விஃப்ட் யாருடைய பணத்தையும் வைத்திருப்பதில்லை. தபால்காரர் மாதிரி செய்தியைக் கொண்டு போய்ச் சேர்ப்பதுதான் அதன் வேலை.

இந்தத் தபாலுக்கு இரண்டு பாதுகாப்பு உண்டு. ஒன்று, நடுவழியில் பிடித்துப் பார்த்தாலும் படிக்க முடியாதபடி செய்தி சங்கேதமாக மாற்றப்படுகிறது. இரண்டு, டிஜிட்டல் கையெழுத்து. செய்தியில் ஒரே ஒரு பூஜ்யத்தைச் சேர்த்தாலும் கையெழுத்து பொருந்தாமல் போய்விடும். வழியில் கைவைப்பது நடக்காத காரியம்.

அப்புறம் எப்படித் திருட்டு நடந்தது?

பங்களாதேஷில் நடந்தது

2016 பிப்ரவரி 4, வியாழக்கிழமை இரவு. பங்களாதேஷின் மத்திய வங்கிக்கு நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியில் ஒரு கணக்கு உண்டு. அதிலிருந்து பணம் எடுக்கச் சொல்லி டாக்காவிலிருந்து 35 செய்திகள் போயின. மொத்தம் சுமார் 95 கோடி டாலர். எல்லாச் செய்திகளிலும் முறையான கையெழுத்து இருந்தது. ஆனால் வங்கியில் யாரும் அவற்றை அனுப்பவில்லை!

திருடர்கள் வழியில் எதையும் உடைக்கவில்லை. வங்கியின் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து, ஊழியர்களின் பாஸ்வேர்டுகளைத் திருடி, அவர்கள் பெயரிலேயே உள்ளே போனார்கள். அனுப்பிய சுவடு தெரியாமல் பதிவுகளை அழிக்க ஒரு புரோகிராமையும் வைத்தார்கள். செய்திகளைத் தானாக அச்சடிக்கும் பிரிண்டரும் நின்றுபோனது. பிரிண்டர் மக்கர் செய்வது புதிதா என்ன? ஊழியர்கள் அதைச் சாதாரணக் கோளாறு என்றுதான் நினைத்தார்கள்.

நாள் பார்த்துத்தான் செய்திருக்கிறார்கள். பங்களாதேஷில் வெள்ளி, சனி விடுமுறை. நியூயார்க்கில் சனி, ஞாயிறு. பணம் போய்ச் சேர்ந்த பிலிப்பைன்ஸில் திங்கட்கிழமை சீனப் புத்தாண்டு விடுமுறை. ஒருவர் கேள்வி கேட்கும்போது பதில் சொல்ல இன்னொருவர் இல்லை.

35ல் ஐந்து செய்திகள் நிறைவேறின. 8 கோடியே 10 லட்சம் டாலர் மணிலாவுக்குப் போய், அங்கிருந்து சூதாட்ட விடுதிகளில் கரைந்தது. 2 கோடி டாலர் இலங்கையில் ஒரு அமைப்பின் பெயருக்குப் போனது. அந்தப் பெயரில் 'ஃபவுண்டேஷன்' என்பதை 'ஃபாண்டேஷன்' என்று தப்பாக அடித்திருந்தார்கள். நடுவில் இருந்த டாய்ச்ச வங்கி அதைக் கவனித்து விளக்கம் கேட்டது. பணம் திரும்பி வந்தது. மீதி 30 செய்திகளும் நியூயார்க்கிலேயே நிறுத்தப்பட்டன.

போனது தையல் தொழிற்சாலைகளின் ஏற்றுமதியும், வெளிநாடுகளில் வியர்வை சிந்துகிறவர்களின் உழைப்பும் சேர்த்துக் கொடுத்த அந்நியச் செலாவணி. அடுத்த மாதமே வங்கியின் கவர்னர் பதவி விலகினார். மணிலாவுக்குப் போனதில் அந்த ஆண்டு திரும்பக் கிடைத்தது சுமார் ஒன்றரைக் கோடி டாலர்தான்.

நம் ஊரிலும்

இது எங்கோ நடந்த கதை என்று விட்டுவிட முடியாது. 2018 பிப்ரவரியில் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியிலிருந்தும் இதே பாணியில் மூன்று போலிச் செய்திகள் போயின. கிட்டத்தட்ட 20 லட்சம் டாலர். அங்கேயும் பிரிண்டர் வேலை செய்யவில்லை. ஆனால் மறுநாள் காலை கணக்கை டேலி செய்தபோது விஷயம் வெளியே வந்துவிட்டது. உடனே எச்சரித்ததால் ஒரு பகுதி வழியிலேயே தடுக்கப்பட்டது.

அதே மாதத்தில் வெளியான பஞ்சாப் நேஷனல் வங்கி மோசடி வேறு மாதிரி. மும்பைக் கிளையிலிருந்து வெளிநாட்டுக் கிளைகளுக்கு ஸ்விஃப்ட் வழியாக உத்தரவாதக் கடிதங்கள் போயிருந்தன. வெளியாள் யாரும் நுழையவில்லை, வேலியே பயிரை மேய்ந்த கதை! ஸ்விஃப்ட்டும் வங்கியின் முக்கியக் கணக்கு மென்பொருளும் இணைக்கப்படாமல் இருந்ததால், போன கடிதங்கள் கணக்கில் ஏறவே இல்லை. டேலி செய்ய எதிரில் ஒன்று இருந்தால்தானே செய்வதற்கு? சிட்டி யூனியனில் ஒரே நாளில் தெரிந்தது இங்கே பல வருடங்கள் தெரியாமல் இருந்து 13,000 கோடி ரூபாயைத் தாண்டியது. அதன்பிறகு இரண்டையும் இணைத்தே ஆகவேண்டும் என்று ரிசர்வ் வங்கி கெடு விதித்தது.

என்ன தெரிகிறது?

டிஜிட்டல் கையெழுத்து "இது இந்த வங்கியின் முத்திரை" என்று மட்டும்தான் சொல்லும். முத்திரையைப் பிடித்திருக்கும் கை யாருடையது என்று சொல்லாது. அதற்கு வேறு காவல் வேண்டும். ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்க்க வேண்டும். அனுப்பியதன் விவரம் வேறொரு வழியிலும் வந்து சேர வேண்டும். இரண்டையும் தினமும் ஒப்பிட வேண்டும். மளிகைக் கடை அண்ணாச்சி இரவில் கடை அடைக்கும் முன் கல்லாவையும் நோட்டையும் ஒத்துப் பார்ப்பாரே, அதே வேலைதான்.

கோடிக்கணக்கான டாலரைக் காப்பாற்றியதில் ஒரு எழுத்துப் பிழையைப் பார்த்து "இது என்ன?" என்று கேட்ட வங்கிக்கும் பங்கு உண்டு. ஆகவே அடுத்த முறை வங்கியில் கையெழுத்து சரியில்லை என்று படிவத்தைத் திருப்பிக் கொடுத்தால் கோபப்படாதீர்கள். அந்தக் கேள்விதான் உங்கள் பணத்துக்குக் காவல்.