தகடும் பாடமும்

பழம்பொருளைப் புதுப்பித்தல் என்பது, அதன்மீது படிந்த காலத்தை முற்றாகத் துடைத்தெறிவதுதானா? ஈராண்டுக் காலம் ஒரு பழைய பந்தய மோட்டார் சைக்கிளோடு போராடிய பின்னரே இவ்வினாவுக்கு எனக்கு விடை கிடைத்தது.

அது இங்கிலாந்தில் உருவான பி.எஸ்.ஏ. கோல்டு ஸ்டார். 1937-ஆம் ஆண்டு புரூக்லண்ட்ஸ் பந்தயத் திடலில் வால் ஹேண்ட்லி என்னும் வீரர் பி.எஸ்.ஏ. வண்டி ஒன்றைச் செலுத்தி, மணிக்கு நூறு மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் ஒரு சுற்றினை முடித்துத் தங்க நட்சத்திரச் சின்னம் பெற்றார். அச்சின்னமே மறு ஆண்டில் வெளிவந்த வண்டிக்குப் பெயராயிற்று. என்னிடமிருப்பது 499 சி.சி. கொள்ளளவு கொண்ட ஒற்றைச் சிலிண்டர் வண்டி; 1950-களில் மேன் தீவுப் பந்தயங்களில் புகழீட்டிய இனம். 1963-ஆம் ஆண்டோடு அதன் உற்பத்தி நின்றது.

என் தந்தையார் ஈப்போவில் ஒரு பட்டறையில் பழுது பார்ப்பவராக இருந்தார். ஜப்பானிய வண்டிகள் பந்தயத் திடல்களைக் கைப்பற்றிய காலத்தில், எவரும் விரும்பாத அவ்வண்டியை மலிவாக வாங்கினார். அவர் மறைந்தபின் அது வீட்டின் பின்புறத்தில் சாக்குப் போர்வைக்குள் நெடுங்காலம் கிடந்தது. ஐம்பதைக் கடந்தபின்தான் அதனைத் தொட எனக்குத் துணிவு வந்தது.

பாகம் பாகமாகக் கழற்றியபோது தந்தையாரின் கைவேலை இரண்டிடங்களில் தென்பட்டது. முதலாவது ஒரு தவறு. அவ்வண்டியின் மரைகள் ஆங்கிலேய அங்குலக் கணக்கில் அமைந்தவை. தேய்ந்துபோன மரை ஒன்றில் அவர் மில்லிமீட்டர் அளவுள்ள போல்ட்டை வலிந்து முறுக்கியிருந்தார். அலுமினியம் சிதைந்து எண்ணெய் கசிந்திருந்தது. துளையைச் சீர்செய்து, எஃகு மரைச்சுருள் பொருத்தி, உரிய போல்ட்டையே பூட்டினேன்.

இரண்டாவது, எஞ்சினைச் சட்டத்தோடு பிணைக்கும் இரும்புத் தகடு. தொழிற்சாலையில் செய்ததன்று, கையால் அறுத்து, அரத்தால் ராவியது. பழைய வண்டிகளைச் சேகரிக்கும் அன்பர் ஒருவர் அதனைக் கண்டு, "இது இருந்தால் வண்டியின் மதிப்புக் குறையும், சார். இங்கிலாந்திலிருந்து புதியது வரவழைத்துவிடுங்கள்" என்றார். நானும் இசைந்தேன்.

அன்றிரவு தந்தையாரின் கருவிப் பெட்டியைத் துழாவியபோது, பழைய நாளிதழில் சுற்றிய ஒரு பொட்டலம் கிடைத்தது. உள்ளே அசல் தகடு, குறுக்கே விரிசலோடு இருந்தது. ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினின் அதிர்வு கடுமையானது. அதுவே தகட்டைப் பிளந்திருக்க வேண்டும். அளந்து பார்த்தேன். அவர் செய்தது அசலைவிடக் கனமானது. காரணம் அறிந்தே செய்திருக்கிறார்; அசலையும் எறியாமல் காத்திருக்கிறார்.

உ. வே. சாமிநாதையரை நினைத்துக்கொண்டேன். 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த அப்பெருமகனார் பல ஏடுகளை ஒப்புநோக்கியே மூலத்தைத் துணிந்தவர். ஏடெழுதியவனின் பிழை வேறு, பாடபேதம் வேறு. முன்னது களையத்தக்கது, பின்னது காக்கத்தக்கது. இதனை எத்தனையோ ஆண்டுகள் வகுப்பறையில் கூறியிருக்கிறேன். என் வீட்டுப் பின்புறத்தில் மறந்துவிட்டேன். வலிந்து முறுக்கிய போல்ட்டு பிழை. கனத்த தகடோ பாடபேதம்.

இன்னொன்றையும் மறைப்பதற்கில்லை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நான் சேர்ந்த நாளில், கரியேறிய விரல்களோடு உடன் வந்த தந்தையாரை வாயிலிலேயே நிற்கச் சொன்னேன். அவர் மறுமொழி கூறாமல் நின்றார். கையொப்பம் மட்டுமே இடத் தெரிந்த அவருக்கு, அத்தகட்டின் சீரான அரவரிகளே கையெழுத்து. அதனை அகற்றியிருந்தால், மீண்டும் ஒருமுறை அவரை வாயிலில் நிறுத்தியவனாவேன்.

இங்கிலாந்திலிருந்து வந்த புதிய தகடு பிரிக்கப்படாமல் பெட்டியில் இருக்கிறது. விரிசலுற்ற அசலும் அதன் அருகே இருக்கிறது. எது எப்போது, ஏன் மாற்றப்பட்டது என்பதைக் குறிப்பேடொன்றில் எழுதி வைத்துள்ளேன். வண்டியில் இருப்பது தந்தையாரின் தகடே. எஞ்சின் முழங்கும்போது அதன்மேல் விரலை வைத்துப் பார்ப்பேன். அதிர்கிறது; அசையவில்லை.